கத்துகிற கோச்சுக்குக் கைதட்டாதீர்கள்

பெற்றோர்களே, ஞாயிற்றுக்கிழமை கால்பந்து மைதானத்தில் நாம் நடந்துகொள்வது துளியும் நன்றாக இல்லை. "கண்ணு தெரியலையா? எவ்வளவு வாங்கின?" என்று கோச் நடுவரைப் பார்த்துக் கத்துகிறார். நாம் சிரிக்கிறோம், சிலர் கூடவே கத்துகிறோம். ஏச்சு வாங்குகிற நடுவர் பல நேரம் கல்லூரி தாண்டாத பையன். வெயிலில் அடுத்தடுத்து ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிறவன்.

"பிள்ளைகளுக்காகத்தானே கத்துறாரு" என்று சமாதானம் சொல்லாதீர்கள். தோற்றால் யார்மேலாவது பழி போடலாம் என்பதைத்தான் பிள்ளைகள் அவரிடம் படிக்கிறார்கள்.

விதி தெளிவாக இருக்கிறது. 2019 முதல் பயிற்சியாளருக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை உண்டு. தீர்ப்பை எதிர்த்து லேசாக முணுமுணுத்தால் எச்சரிக்கை. எதிர்ப்பு முற்றினாலோ தண்ணீர் பாட்டிலை உதைத்தாலோ மஞ்சள். வசைச் சொல் வந்தால் நேரே சிவப்பு. பெஞ்சில் திட்டியது யாரென்று தெரியாவிட்டால், அங்கிருக்கும் மூத்த பயிற்சியாளருக்கே அட்டை. நடுவர் வாதம் பண்ண வேண்டாம், பதிலுக்குக் கத்தவும் வேண்டாம். முதல் வசவிலேயே அட்டையைக் காட்டி, சொன்ன வார்த்தையை அப்படியே அறிக்கையில் எழுதட்டும். வெளியேற மறுத்தால் ஆட்டத்தை நிறுத்தட்டும்.

பிறகு ஏன் அட்டை சட்டைப்பையிலேயே கிடக்கிறது? எடுத்தால் நாம் சூழ்ந்துகொள்வோம், அடுத்த போட்டிக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். அந்தப் பயத்தில் நமக்கும் பங்கு உண்டு.

அந்தப் பயம் வீண் இல்லை. நெதர்லாந்தின் அல்மேரே நகரில், 2012 டிசம்பரில், மகன் ஆடிய ஆட்டத்தில் கொடி பிடித்து நின்றார் ஒரு தந்தை. சம்பளம் வாங்காத துணை நடுவர். ஆட்டம் முடிந்ததும் எதிரணியினர் அவரை உதைத்தார்கள், மறுநாள் இறந்துபோனார். தண்டனை பெற்றவர்களில் பதின்வயதுப் பையன்களோடு, அவர்களில் ஒருவனின் அப்பாவும் இருந்தார். பையன்களைத் தடுத்திருக்க வேண்டிய வயது அவருக்கு.

அடுத்த முறை நம் கோச்சுக்கு அட்டை காட்டப்பட்டால் நடுவரைச் சூழாதீர்கள். "சார் சொல்றதைக் கேளுங்க, வெளியே வாங்க" என்று கோச்சைக் கூப்பிடுங்கள். அவர் திருந்தாவிட்டால் அகாடமி நடத்துகிறவரிடம் பத்துப் பேராகப் போய்ப் புகார் கொடுங்கள். மாதக் கட்டணம் கட்டுகிறவர்கள் நாம். நாம் சொன்னால் அங்கே எடுபடும். இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததுதான் தப்பு.