ஹாரனை மாத்தாதீங்க, எர்த்தைப் பாருங்க!

கார் ஹாரன் கம்மிப்போனா உடனே புதுப்பேட்டைக்கு ஓடி, ஊரையே அலறவைக்கிற ஒண்ணை மாட்டிட்டு வர்றாங்க நம்ம புளியந்தோப்பு ஆளுங்க. அநியாயம் மக்களே! பல கார்ல ஹாரன் ரெண்டு இருக்கும். ஒண்ணு தடிச்ச குரல், இன்னொண்ணு கீச்சுக்குரல். அதுல ஒண்ணு செத்தாலே சத்தம் சோப்ளாங்கி ஆயிடும். அமுக்கினா ரிலே 'டிக்'குங்குதா? அப்ப கிரில்லுக்குப் பின்னாடி குனிஞ்சு ஹாரனோட எர்த்தைப் பாருங்க. கடல்காத்துல துருவோ பச்சையோ பூத்திருக்கும். சுரண்டி முடுக்கினா பல நேரம் பழைய குரல் வந்துடும்.

பி.காம்.காரன், கணக்கும் சொல்லிடறேன். மத்திய மோட்டார் வாகன விதி 119 பலகுரல் ஹாரனையும், காதைக் கிழிக்கிறதையும் தடுக்குது. 2019 திருத்தப்படி சும்மா சும்மா ஹாரன் அடிச்சா அபராதம் 1000 ரூபா, மறுபடி சிக்கினா 2000. உப்புத்தாள் என்ன விலைங்க?