பாவலர் குழு விட்டுச்சென்றது

இளையராஜாவைத் தனி மேதையாக மட்டும் பேசுவது, பண்ணைப்புரத்தில் பிறந்த ஒரு குழுவின் பங்கை மறைத்துவிடுகிறது. பாவலர் வரதராஜனும் தம்பிகள் பாஸ்கர், ராசையா (பின்னாளில் இளையராஜா), அமர்சிங்கும் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடியவர்கள். போடிமெட்டுக்கு அப்பால், ஏலக்காயும் தேயிலையும் விளையும் கேரளத்துத் தேவிகுளத்தில் 1958 இடைத்தேர்தலில் அக்கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வென்றார். அந்தப் பிரச்சாரத்தில் பாவலரின் பாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. கூலி உழைப்பில் களைத்து வந்தவர்களை இரவில் உட்கார வைக்க, அன்றைய செய்தியை அன்றைக்கே தெரிந்த மெட்டில் ஏற்றிப் பாட வேண்டும். கேட்பவர் முகம் பார்த்துப் பாட்டை மாற்றும் அந்தப் பயிற்சியை எந்த இசைக்கல்லூரியும் தருவதில்லை.

அது வெறும் பிரச்சாரம், சினிமா மெட்டுக்குச் சொல் மாற்றியது எப்படிப் புதுமையாகும் என்று கேட்கலாம். மெட்டு இரவல்தான்; ஆனால் யாருக்காக, எந்த மொழியில், எந்தத் துயரைப் பாடுவது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். 1965-இல் சிகாகோவில் கறுப்பின ஜாஸ் கலைஞர்கள் சங்கம் அமைத்துக் கேட்டதும் இந்த உரிமையைத்தான், சொந்த மெட்டுகளோடு. மேற்கத்திய இசையைச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம்தான் இளையராஜா கற்றார், உண்மை. ஆனால் 1976-இல் ‘அன்னக்கிளி’ படத்தில் ஒலித்த நாட்டுப்புறக் குரல் அந்த வகுப்பறையில் கிடைத்ததல்ல. பாவலரின் மேடைப் பாட்டுகளை நினைவில் வைத்திருக்கும் முதியவர்களைத் தேனி மாவட்டத்துக் கல்லூரிகள் தேடிச்சென்று இப்போதே ஒலிப்பதிவு செய்ய வேண்டும்.