நிலக்கரிக்குப் பங்கர், நெல்லுக்குப் பொக்லைனா?

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வரல. போன வாரம் பாபநாசம் போயிருந்தப்ப, கூடப் படிச்ச நண்பனோட பெரிய சண்டை. நான் மெக்கானிக்கல் முடிச்சுட்டுப் பொட்டி தட்ட வந்தவன். அவன் ஒழுங்கா படிச்ச வேலையிலேயே இருக்கான், சுரங்கங்களுக்குக் கன்வேயர் டிசைன் பண்றான். டீக்கடையில பேச்சு எப்படியோ வளையமாதேவிக்குப் போயிடுச்சு.

ஞாபகம் இருக்கா? 2023 ஜூலை கடைசி. நெய்வேலி ரெண்டாவது சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பி விட என்.எல்.சி. கால்வாய் வெட்டினாங்க. சேத்தியாத்தோப்புப் பக்கம் பச்சை நெல்லு நின்ன வயல்ல பொக்லைன் இறங்குச்சு.

நண்பன் சொன்னது ஒரே வரி: "பெல்ட் நிக்க முடியாது மச்சி. நின்னா கரண்ட் இல்ல." அப்ப கம்பெனி தரப்பும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லுச்சு. கால்வாய் வரலைன்னா சுரங்கம் நகராது, மின் உற்பத்தி படுத்துடும்னு. கேக்குறதுக்கு என்னமோ இயற்கை விதி மாதிரி இருக்குல்ல? அங்கதான் எனக்குக் கடுப்பு.

நெய்வேலியில ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்கணும்னா அதுக்கு மேல இருக்குற மண்ணு ஐந்து கன மீட்டருக்கு மேல அள்ளணும். ராட்டினம் மாதிரி ஒரு சக்கரம், சுத்திலும் வாளி. அது மண்ணைச் சீவிப் பெல்ட்டுல கொட்டும். அந்தப் பெல்ட் அடுத்த பெல்ட்டுக்கு, அது இன்னொண்ணுக்கு, கடைசியில ஸ்ப்ரெடர்னு ஒரு மெஷின் நிலக்கரி எடுத்து முடிச்ச பள்ளத்துல விசிறிப் போடும். வெட்டுற முகப்பு முன்னால நகர நகர, பெல்ட் வரிசையையே பக்கவாட்டுல தள்ளித் தள்ளி வைப்பாங்க. இதுல ஒரு பெல்ட் நின்னா அதுக்குப் பின்னால உள்ளதெல்லாம் நின்னாகணும். இல்லன்னா சந்திப்புல மண்ணு குவிஞ்சு நாறிடும். இதுவரைக்கும் நண்பன் சொல்றது சரிதான்.

ஆனா நிலக்கரி போற வழியைப் பாருங்க. சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் நடுவுல பங்கர் இருக்கும், ஸ்டாக் யார்டு இருக்கும். ஏன்? பெல்ட் கிழியும், மழையில சேறு ஒட்டும், மோட்டார் புகையும்னு டிசைன் பண்றவனுக்குத் தெரியும். கோல் ஹேண்ட்லிங் படிப்புல பாதி இந்தச் சங்கதிதான். ரெண்டு வேகம் ஒத்துப் போகாத இடத்துல நடுவுல ஒரு சேமிப்பு வை. எங்க ஊர் பாலைவனநாதர் கோயில்ல நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் நிக்குதே, அதுவும் இதே யோசனைதான்.

பாய்லருக்கு இவ்வளவு முன்யோசனை. நெல்லுக்கு?

சுரங்க முகப்பு வருஷத்துக்கு எவ்வளவு நகரும்னு ப்ளான்ல இருக்கும். அது ஆத்தை எப்ப தொடும்னும் பல வருஷம் முன்னாடியே தெரியும். நெல்லு எப்ப நடுவாங்க, எப்ப அறுப்பாங்கன்னு சேத்தியாத்தோப்புல எந்த டீக்கடையில கேட்டாலும் சொல்லுவாங்க. அப்புறம் கதிர் வர்ற நேரத்துல போய் "இனி ஒரு நாள் கூடத் தாங்காது"ன்னா, அது தொழில்நுட்பக் கட்டாயம் இல்ல சாமி, ஷெட்யூல்ல விட்ட கோட்டை. என் வேலையில இப்படி டெட்லைன் விட்டா மேனேஜர் என்னைத்தான் காய்ச்சுவார், கஸ்டமர் வீட்டுச் சுவத்தை இடிக்க மாட்டார்.

"நிலம் 2006லிருந்து 2013க்குள்ள கையகப்படுத்தினது, காசும் கொடுத்தாச்சு, பயிர் வைக்காதேன்னு சொல்லியாச்சு"ன்னான் நண்பன். இருக்கட்டும், பட்டா அவங்க பேர்லயே இருக்கட்டும். வாங்கிப் பத்து வருஷம் சும்மா கிடந்த நிலம் இன்னும் ரெண்டு மாசம் கிடந்தா என்ன? சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி தண்டபாணியும் அறுவடை வரைக்கும் பொறுக்க முடியாதான்னுதான் கேட்டார். கடைசியில ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடுன்னு உத்தரவாச்சு.

"நீ போடுற ஃபேன் எந்தக் கரண்ட்டுல ஓடுது?"ன்னு அடுத்து கேட்டான். நெய்வேலி கரண்ட்டுலதான். நான் பரீட்சைக்குப் படிச்சதும் அதுலதான். அதுக்காக மோசமான ப்ளானிங்குக்கு வக்காலத்து வாங்கணுமா?

இது எங்கேயோ கடலூர் மாவட்டத்துச் சமாச்சாரம்னு நான் விடாததுக்குக் காரணம் உண்டு. 2023 மார்ச் கடைசியில வந்த ஏல அறிவிப்புல சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே ஒரு பகுதி, மைக்கேல்பட்டி, அப்புறம் நம்ம வடசேரி. எதிர்ப்பு கிளம்பினதும் ஏப்ரல்லயே பட்டியல்லேருந்து எடுத்துட்டாங்க. பட்டியல்லேருந்துதான் எடுத்தாங்க, நிலக்கரி அடியிலேயேதான் கிடக்கு. நாளைக்கு யாராவது அதுக்கும் பெல்ட் வரைவாங்க. என் நண்பனே வரையலாம்.

அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். உங்க ஷெட்யூல் ஷீட்ல அறுவடைத் தேதிக்கு எங்கடா இடம்? கொஞ்ச நேரம் டீயை ஆத்திக்கிட்டே இருந்தான்.

"அப்படி ஒரு காலமே கிடையாது மச்சி."

டிஸ்கி: டீக்கு அவன்தான் காசு கொடுத்தான்.