நூற்று நாற்பது ரூபாய்க்கு நல்ல விஸ்கி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏற இரண்டு பாதைகள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதையைச் சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் அறிவார்கள். மற்றொன்று அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் வழியாக ஏறுவது. அதில் போனால் கொட்டச்சேடு வரும். காபித் தோட்டமும் மிளகுக் கொடியுமாகக் கிடக்கும் சேர்வராயன் மலைக் கிராமம். காபிப் பழம் பறிக்கும் பருவமும் மலையில் குளிர் இறங்கும் மாதங்களும் ஒன்றாகவே வரும். இப்படிப்பட்ட மலைத் தோட்டங்களில் வாரக் கூலி வாங்கிய ஆள் மதுக்கடையின் கம்பி வலைக்கு முன் நின்று பிராண்டு பெயர் கேட்பதில்லை. “நூத்தி நாப்பதுல என்னண்ணே இருக்கு?” என்பார். உள்ளிருந்து ஒரு குவார்ட்டர் வரும். அது எந்தக் கம்பெனிச் சரக்கு என்பதைப் பெரும்பாலும் மூடியைத் திருகும்போதுதான் அவரே பார்ப்பார். கூட ஒருவர் இருந்தால் ஆளுக்கு ஒரு கட்டிங்.

குறைந்த விலையில் குடிக்கத் தகுந்த விஸ்கி எது என்பது உலகம் முழுக்க விஸ்கி பிரியர்கள் அலசும் கேள்வி. நாக்குத் தேர்ச்சி உள்ளவர்கள் ஊர் ஊராகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய புதையல்போல அதைப் பேசுகிறார்கள். என் கருத்து வேறு. நல்ல மலிவு விஸ்கி, தேடிக் கிடைக்கும் பொருள் அல்ல. சட்டம் போட்டு உண்டாக்க வேண்டிய பொருள். அமெரிக்காவில் அப்படித்தான் உண்டாக்கினார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கச் சந்தையில் வெறும் சாராயத்தில் சாயமும் பழச்சாறும் புகையிலைச் சாறும் கலந்து விஸ்கி என்று விற்றவர்கள் ஏராளம். இதை ஒழுங்குக்குக் கொண்டுவர 1897-இல் ஒரு சட்டம் வந்தது. ஒரே ஆலையில், ஒரே பருவத்தில் காய்ச்சி, அரசின் மேற்பார்வையில் உள்ள கிடங்கில் குறைந்தது நான்கு ஆண்டு வைத்து, 50 சதவீத ஆல்கஹாலுடன் அடைத்தால்தான் அந்தப் பாட்டிலுக்கு ‘பாட்டில்டு இன் பாண்ட்’ என்ற முத்திரை. பிறகும் எது விஸ்கி என்ற சண்டை ஓயவில்லை. கடைசியில் 1909 டிசம்பரில் குடியரசுத் தலைவர் டாஃப்ட்டே உட்கார்ந்து தீர்ப்பு எழுத வேண்டியதாயிற்று. தானியத்திலிருந்து வடித்ததுதான் விஸ்கி. கரும்புக் கழிவுப்பாகிலிருந்து, அதாவது மொலாசஸிலிருந்து வந்தது விஸ்கி ஆகாது என்றார் அவர். ஒரு நாட்டின் தலைவர் சாராயத்துக்கு இலக்கணம் எழுதினார் என்றால் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் அந்த இலக்கணத்தின் பலன் இன்றுவரை அங்கே ஏழைக் குடிகாரனுக்கும் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவின் போர்பன் விஸ்கியை எடுத்துக்கொள்ளுங்கள். தானியக் கலவையில் பாதிக்கு மேல், சரியாகச் சொன்னால் 51 சதவீதமாவது, மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் கருக்கிய புத்தம் புது ஓக் பீப்பாயில் ஊற வேண்டும். நிறமோ மணமோ சேர்க்கக் கூடாது. ‘ஸ்ட்ரெய்ட்’ என்று போட்டால் இரண்டு ஆண்டாவது பீப்பாயில் கிடந்திருக்க வேண்டும். அமெரிக்கக் கடையில் அடி அலமாரியில் கிடக்கும் மிக மலிவான ஸ்ட்ரெய்ட் போர்பனுக்கும் இதே விதிதான். வாங்குபவர் சுவையில் ஏமாறலாம், பொருளில் ஏமாற முடியாது. ஸ்காட்லாந்தும் இப்படியே: தானியம், ஓக் பீப்பாய், மூன்று ஆண்டு. அதற்குக் கீழே இருந்தால் அது ஸ்காட்ச் இல்லை.

இனி நம் பாட்டிலுக்கு வருவோம். உலகிலேயே அதிக அளவு விஸ்கி குடிக்கும் நாடு இந்தியா. அதில் கணிசமான பகுதி, சர்க்கரை ஆலையின் மொலாசஸைப் புளிக்க வைத்து வடித்து, மணமும் சுவையும் போகுமளவு சுத்திகரித்த சாராயம். தொழிலில் இதை ‘இ.என்.ஏ.’ என்பார்கள். அதில் கொஞ்சம் மால்ட் (முளைகட்டிய வாற்கோதுமையில் வடித்த சாராயம்), கேரமல் நிறம், தண்ணீர் சேர்த்து 42.8 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் விஸ்கி. தாய்ச் சாராயம் பொதுவாக ஒன்றுதான். சேர்மானத்தை மாற்றினால் அதுவே பிராந்தி. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. இங்கே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மதுவகை விதிகள் 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகும் அது விஸ்கிதான்.

மொலாசஸ் சரக்கு விஷம் என்று நான் சொல்லவில்லை. நல்ல ரம் அதிலிருந்துதான் வருகிறது. முறையாகச் சுத்திகரித்தால் மொலாசஸ் சாராயத்துக்கும் அரிசிச் சாராயத்துக்கும் பெரிய வேறுபாடு இராது. என் குறை வேறு. கையில் இருக்கும் பாட்டிலில் என்ன இருக்கிறது என்பதைக் குடிப்பவர் அறிய வழியில்லை. சில பாட்டில்களின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் ‘கிரெய்ன் நியூட்ரல் ஸ்பிரிட்’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். சிலவற்றில் ‘நியூட்ரல் ஸ்பிரிட்’ என்பதோடு சரி. மால்ட் எத்தனை சதவீதம், பீப்பாயை அது கண்ணால் பார்த்ததா என்ற பேச்சே இராது. குவார்ட்டர் வாங்கும் ஆளுக்கு அதைப் படிக்க நேரமும் இல்லை, மொழியும் இல்லை, பெரும்பாலும் வெளிச்சமும் இல்லை.

நம் வெயிலில் நல்ல விஸ்கி வராது என்று சொல்ல இனி யாராலும் முடியாது. கொட்டச்சேட்டிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய பெங்களூரில் இருக்கிறது அம்ருத். 1948-இல் தொடங்கிய அந்த ஆலை, வாற்கோதுமையில் வடித்த மால்ட்டை முதலில் தன் கலவை விஸ்கியில்தான் சேர்த்துக்கொண்டிருந்தது. 2004-இல் அதையே சிங்கிள் மால்ட்டாக, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே கொண்டுபோய் அறிமுகம் செய்தார்கள். 2010-இல் விமர்சகர் ஜிம் முர்ரே தன் கையேட்டில் அம்ருத் ஃபியூஷனை உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதியதும் பேச்சு மாறியது. பிறகு கோவாவின் பால் ஜான், ஹரியானாவின் இந்த்ரி என்று வரிசை நீண்டது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு 2 சதவீதம் ஆவியாகும் என்றால் பெங்களூரில் 10 முதல் 12 சதவீதம் வரை போய்விடுகிறது. இழப்புதான், ஆனால் மரத்தின் சாரமும் அதே வேகத்தில் இறங்குகிறது. நாலைந்து ஆண்டே போதும். ஆகவே ‘பன்னிரண்டு வருஷச் சரக்கு’ என்ற பெருமையை நம் ஊர்ப் பாட்டிலில் தேட வேண்டியதில்லை. (கொட்டச்சேட்டுக் காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கைப் பார்த்துப் பீப்பாய் செய்யலாமே என்று யாரும் கிளம்ப வேண்டாம், அது ஓக் இனமே இல்லை.)

ஆனால் அந்த மால்ட் பாட்டில்களின் விலை ஆயிரங்களில். வெளிநாட்டுச் சரக்கின் வரி குறைகிறது என்ற செய்தியும் நம் ஆளுக்கு உதவாது. 2025 பிப்ரவரியில் போர்பனுக்கான இறக்குமதி வரி 150 சதவீதத்திலிருந்து 100 ஆனது. அதே ஆண்டு ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தப்படி ஸ்காட்சுக்கு 75 ஆகி, பத்தாண்டில் 40-க்கு இறங்கும். இதெல்லாம் உயர்ரகச் சரக்கு விற்கும் எலைட் கடை அலமாரியின் சங்கதி. அதே காலத்தில் இங்கே நடந்தது நேர் எதிர். 2024 பிப்ரவரியில் சாதா ரகக் குவார்ட்டர் 130 ரூபாயிலிருந்து 140 ஆனது. அதற்கு மேல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார்கள் என்ற புகாரோ தமிழ்நாடு முழுக்கக் கேட்டுப் புளித்தது.

இந்த விலையில் பெரும்பங்கு வரி. 2023-24-இல் அரசு மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். இந்த வரிக் கதையில் சேலத்துக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது இந்தச் சேலம் மாவட்டத்தில்தான். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி போட்டார்கள். சாராயத்தை விட்டதற்காக வந்த வரி நிலைத்துவிட்டது. சாராயமும் திரும்பி வந்துவிட்டது. இன்று கருவூலம் இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறது. 1983-இல் டாஸ்மாக் மொத்த விற்பனைக்கு வந்தது. 2003 நவம்பரில் சில்லறையும் அதன் கைக்குப் போனது. 1987 முதல் கள்ளுக்கும் நாட்டுச் சாராயத்துக்கும் தடை. ஆக, கொட்டச்சேட்டு ஆள் சட்டப்படி குடிக்க வேண்டுமானால் ஒரே கடைக்காரர்தான், அது அரசு. அலமாரியில் என்ன இருக்கும் என்பதும் அரசின் கொள்முதல் முடிவு.

இவ்வளவு விற்பதற்கு அரசு சொல்லும் நியாயம், நாங்கள் விற்காவிட்டால் கள்ளச்சாராயம் வரும் என்பது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. சேர்வராயனுக்குக் கிழக்கே இருக்கும் கல்வராயன் மலையின் சாராய ஊறல்கள் எல்லோரும் அறிந்தவை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதற்கு முந்தைய ஆண்டு மரக்காணத்திலும் இப்படியே சாவுகள். ஆனால் அந்தச் சாவுகள் நடந்தது டாஸ்மாக் கடைகள் திறந்திருந்தபோதே. மலிவுச் சரக்கின் விலை ஏற ஏற, கையில் ஐம்பது ரூபாய் வைத்திருப்பவர் பாக்கெட் சாராயத்தின் பக்கம் போகிறார். அரசின் வாதத்தை அரசின் விலையே உடைக்கிறது.

குடியே கேடு, இதில் நல்லது கெட்டது பார்ப்பானேன் என்று கேட்பவர்கள் உண்டு. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. குடிக்காதவர்கள் குடிக்காமலே இருக்கட்டும். குடித்துவிட்டு அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி இறக்குபவர்களுக்குக் கருணையே வேண்டாம். ஆனால் கேடு என்று ஒப்புக்கொண்டே விற்கும் ஒரு பொருளில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் விற்பது எந்த அறத்தில் சேரும்? பிஸ்கட் பாக்கெட்டில்கூட மைதா எவ்வளவு, பாமாயில் உண்டா என்று போட்டிருக்கிறது.

இதற்கு டெல்லியில் புதுச் சட்டம் வரக் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இந்த ஆலைகளுக்கு ஒரே வாடிக்கையாளர் டாஸ்மாக். நீலகிரியில் 2022-இல் காலிப் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பிக் கொடுக்கும் திட்டத்தை நீதிமன்றம் சொன்னதும் நடத்திக் காட்டியவர்கள், கொள்முதல் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்ப்பதா கடினம்? சாராயம் தானியத்திலிருந்தா மொலாசஸிலிருந்தா, மால்ட் எத்தனை சதவீதம், பீப்பாயில் எத்தனை மாதம் என்ற மூன்று விவரத்தையும் தமிழில், படிக்கிற அளவில் பாட்டிலின் முன்பக்கம் அச்சிட வேண்டும். கம்பி வலைக்கு வெளியே தொங்கும் விலைப் பட்டியலிலும் அதே விவரம் வேண்டும். அப்போது 140 ரூபாய்க்காரருக்கும் ஒரு சரக்கை ஒதுக்கி இன்னொன்றை எடுக்கும் உரிமை வரும்; விற்காமல் தேங்கினால் ஆலைக்காரர்கள் தாமாகவே மால்ட்டைக் கூட்டுவார்கள்.

அதுவரை வாசகர்களில் குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விளம்பரத்தையும் பெட்டியின் பளபளப்பையும் நம்ப வேண்டாம். அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். தானியம் என்று எழுதியிருக்கும் பாட்டிலுக்கும் எழுதாத பாட்டிலுக்கும் ஒரே விலை என்றால், எழுதியதையே கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள். நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு வரி, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை அரசுக்கு இருக்கிறது.