தண்ணீரே பிஸ்டனான பம்ப்

ஏஜென்சி மூலம் கடதாசி ஆலைக்கோ இரசாயன ஆலைக்கோ வேலைக்குப் போகும் எங்கள் ஆட்கள் அங்கே ஒரு பம்பைக் காணக்கூடும். பக்கத்துச் சிறு குழாயால் அதற்குள் தண்ணீர் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். கிணற்றில் அள்ளி வளர்ந்த நாங்கள் திறந்த குழாயைக் கண்டால் சும்மா விடமாட்டோம். ஆனால் இந்தக் குழாயைப் பூட்டக்கூடாது. போர்மன் இதனைப் 'பொம்ப் ஆ அன்னோ லிக்கீட்' என்பார். திரவ வளையப் பம்ப் என்று நாங்கள் சொல்லலாம்.

வாளித் தண்ணீரைக் கையால் வேகமாகச் சுழற்றினால் நடுவில் குழி விழுந்து, தண்ணீர் ஓரத்தில் ஏறும் அல்லவா? இதிலும் அதுதான். உருளையான கூட்டினுள் இறக்கைகள் வைத்த சில்லு சுழல, தண்ணீர் சுவரோடு வளையமாக ஒட்டிக்கொள்கிறது. சில்லு கூட்டின் நடுவில் இல்லை, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது. சூட்சுமமே அதில்தான். ஒரு பக்கத்தில் இறக்கைகளுக்கு இடையிலிருந்து தண்ணீர் விலக, வாயு உள்ளே இழுபடும். மறுபக்கத்தில் தண்ணீர் திரும்ப ஏறி, அந்த வாயுவை நெருக்கி வெளியே தள்ளும். உள்ளே இரும்போடு இரும்பு உரசுவதில்லை. மின்சாரம் மட்டும் நிறையத் தின்னும்.

சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடி சுடும். இங்கே அந்தச் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. சூடேறினால் வெடிக்கக்கூடிய அசற்றிலீன் வாயுவை நெருக்க இதனை விரும்புவது அதனால்தான். தண்ணீரில் ஒரு பங்கு வாயுவோடு வெளியேறிவிடும். புதுத் தண்ணீர் சேராவிட்டால் வளையம் மெலிந்து, இழுவை விட்டு, பம்ப் சூடேறிப் பழுதாகும்.

வாழைச்சேனை ஆலையைக் கண்டவர்களுக்குக் கூழ் தாளாகும் விதம் தெரியும். கியூபெக் கடதாசி ஆலைகளிலும் ஈரத்தாளிலிருந்து தண்ணீரை உறிஞ்ச இந்தப் பம்புகள் உண்டு. வளையத் தண்ணீர் குளிர்ந்திருந்தால் நன்றாக இழுக்கும், கோடையில் இளைக்கும். உள்ளே சரளைக்கல் குலுக்குவதுபோல் சத்தம் கேட்டால் உடனே போர்மனிடம் சொல்லுங்கள். குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதித்து, குமிழிகள் உடைந்து இறக்கையை அரிக்கும் சத்தம் அது.

இனி முக்கியமான விடயம். வளையத்தில் இருப்பது எப்போதும் தண்ணீர் அல்ல. போருக்கு முன் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் எரிசோடாவும் குளோரீனும் செய்தார்கள். அப்படிக் குளோரீன் செய்யும் ஆலைகளில் அந்த வாயுவை நெருக்கும் பம்புகளுக்குச் செறிந்த கந்தக அமிலத்தை ஊற்றுவதுண்டு. ஈரம் பட்ட குளோரீன் இரும்பைத் தின்றுவிடும் என்பதே காரணம். வெளியே பார்த்தால் அதே பம்ப்தான். அடியில் ஒழுகுவது தோலைச் சுட்டுவிடும். துடைக்கச் சொன்னால், குனியுமுன் 'செ கெல் லிக்கீட்?' என்று கேளுங்கள். பிரெஞ்சு சரியாக வராவிட்டாலும் கேளுங்கள். 1979 இல் வந்த கியூபெக் தொழில் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையிலுள்ள ஆபத்தை விளக்குவது முதலாளியின் கடமை. ஆபத்தென்று நம்பக் காரணம் இருந்தால் அந்த வேலையை மறுக்கும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஏஜென்சி ஆட்களுக்கும் அது உண்டு.