ஸ்கூட்டரைப் பறிமுதல் செய்யுமுன்...



எங்கள் ஜெஞ்சாரோம் வட்டாரத்தில், காலால் உந்தி ஓட்டும் சிறு ஸ்கூட்டர்கள் பிள்ளைகளிடையே பெருகிவிட்டன. வெறுமனே ஓட்டுவதோடு அவர்கள் நிற்பதில்லை. பிரிக்கிறார்கள், மாற்றுகிறார்கள், படிக்கட்டிலிருந்து குதித்தாலும் தாங்கும்படி வலுப்படுத்துகிறார்கள். இதற்குப் பெரியவர்கள் சொல்லும் தீர்வு ஒன்றே ஒன்றுதான்: "பிடுங்கி அலமாரியில் பூட்டுங்கள்!" இத்தீர்வில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் இல்லை என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள்க.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பெற்றோரின் அச்சம் காரணமற்றதன்று. 2017 பிப்ரவரி 18ஆம் நாள் அதிகாலை மூன்று மணிக்குப் பிறகு, ஜொகூர் பாருவின் உள்வட்டச் சாலையில் கார் மோதி எட்டுப் பிள்ளைகள் மாண்டனர். அவர்களுக்கு வயது 13 முதல் 16 வரை. அவர்கள் ஓட்டியவை 'பாசிக்கால் லாஜாக்' எனப்படும் மாற்றியமைக்கப்பட்ட மிதிவண்டிகள். வழக்கு நீதிமன்றங்களில் ஏறி இறங்கி, 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் காரோட்டியை விடுவித்தபோதுதான் முடிவுக்கு வந்தது. ஆறு ஆண்டுகள்! அந்த ஆறு ஆண்டுகளும் நாம் யார் மீது குற்றம் என்று வாதிட்டோம். அந்த வண்டிகளில் என்ன செய்யப்பட்டிருந்தது, ஏன் செய்யப்பட்டிருந்தது என்று வகுப்பறையில் பேசியவர்கள் எத்தனை பேர்?

லாஜாக் வண்டியில் நடப்பது கழித்தல். பிரேக் கழற்றப்படுகிறது. இருக்கை தாழ்த்தப்படுகிறது. கைப்பிடி வெட்டித் தாழ்த்தப்படுகிறது. ஓட்டுபவன் குப்புறப் படுத்துக்கொண்டு, காற்றின் தடையைக் குறைத்து, இறக்கத்தில் பாய்கிறான். வேகம் ஒன்றே குறிக்கோள். சாகச ஸ்கூட்டரில் நடப்பதோ கூட்டல். ஆடும் மூட்டு இறுக்கப்படுகிறது. மெலிந்த குழாய்க்குப் பதில் தடித்த குழாய் வருகிறது. நெகிழி நடுப்பகுதி கொண்ட சக்கரம் போய் உலோகச் சக்கரம் வருகிறது. (கணக்கு வாத்தியார் வேறு எப்படிச் சொல்வார்!) இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒரே தண்டனை கொடுப்பது நியாயமன்று.

இந்த வண்டியின் பிறப்பைப் பார்த்தாலே அதன் குறை புரியும். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் விம் ஓபோட்டர் என்பவருக்குச் சோசேஜ் கடைக்குப் போக வேண்டும். நடந்து போகத் தூரம் அதிகம். காரை எடுக்கத் தூரம் குறைவு. அந்தத் தேவைக்காக அவர் செய்து பார்த்ததே மடக்கிக் கையில் எடுத்துச் செல்லும் ஸ்கூட்டர். 2000ஆம் ஆண்டில் தைவானில் தயாரான 'ரேசர்' வண்டிகள் உலகெங்கும் பரவின. ஆக, இது நகரத்து மனிதர் சமதளத்தில் மெல்லப் போகச் செய்த வண்டி. இதை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் குதிக்கத் தொடங்கினார்கள். வண்டி முறியத் தொடங்கியது. தொடக்கக் கால ஓட்டுநர்கள் மடக்கும் மூட்டில் துளையிட்டுப் போல்ட் போட்டார்கள்; ஏற்றி இறக்கும் கைப்பிடிக் குழாயை ஒன்றாகப் பற்றவைத்தார்கள். பின்னர்த் தயாரிப்பாளர்களே மடங்காத வண்டியைச் செய்யத் தொடங்கினர். இன்று கடையில் சில நூறு ரிங்கிட்டுக்கு விற்கும் சாகச ஸ்கூட்டர், அன்றைய பிள்ளைகளின் பட்டறை வேலையிலிருந்து வந்தது எனலாம்.

நம் பிள்ளைகளிடம் அந்தச் சில நூறு ரிங்கிட் இல்லை. இரவுச் சந்தையில் வாங்கிய மடக்கு ஸ்கூட்டரும் பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய துண்டுகளும்தான் உள்ளன. 2018இல் அந்நிய நாட்டு நெகிழிக் குப்பையால் உலகச் செய்திகளில் அடிபட்ட ஊர் இது. எறியப்பட்டதிலிருந்து ஏதேனும் செய்யலாம் என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றுமானால் எனக்கு அதில் மகிழ்ச்சியே. ஆனால், அவர்கள் செய்கிற மிகப் பெரிய பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நிற்கும் பலகையும் முன்பக்கக் குழாயும் சேரும் இடத்தைக் 'கழுத்து' என்போம். குதித்து இறங்கும்போது முதலில் விரிசல் விடுவது பெரும்பாலும் அங்கேதான். விரிசலைக் கண்டதும் பிள்ளைகள் அதைத் தெரு முனையிலுள்ள மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு எடுத்துச் செல்கிறார்கள். அவரும் நல்ல மனத்தோடு பற்றவைத்துக் கொடுக்கிறார். வெளியே பார்த்தால் தடித்த பற்று. உள்ளே என்ன நடந்திருக்கிறது? இவ்வண்டிகளின் பலகை பெரும்பாலும் அலுமினியக் கலவை. அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். அதன் மேலிருக்கும் ஆக்சைடு படலமோ 2,000 பாகையைத் தாண்டினால்தான் உருகும். இரும்பைப்போல் சிவந்து எச்சரிக்கவும் செய்யாது. இரும்புக்குப் பழகிய கைக்கு இது வேறு வேலை. இன்னொன்று: பலகைக்குப் பயன்படும் கலவைகள் சூட்டுப் பதனத்தால் வலிமை பெற்றவை. பற்றவைக்கும் சூடு அந்த வலிமையைப் பற்றின் ஓரத்தில் பெரிதும் குறைத்துவிடும். தொழிற்சாலையில் பற்றவைத்த பிறகு மீண்டும் பதனம் செய்வதுண்டு. தெரு முனையில் யார் செய்வார்? 'வலுவாக்கிய' கழுத்து, பற்றுக்குப் பக்கத்திலேயே மீண்டும் முறிகிறது. ஆகவே, கழுத்தில் விரிசல் கண்ட பலகை குதிப்பதற்கு உதவாது. அதை ஒதுக்கிவிட வேண்டும்.

மாறாக, எஃகுக் கைப்பிடியைத் தேர்ந்த கைகொண்டு பற்றவைக்கலாம். அதுவும் பெரியவர் செய்ய வேண்டிய வேலை. முலாம் பூசிய குழாயைச் சூடாக்கினால் வரும் புகை நஞ்சு. பிடிப்பட்டையை இரண்டு போல்ட்டிலிருந்து நான்கு போல்ட் உள்ளதாக மாற்றுவதும், சக்கரத்தை மாற்றுவதும், பலகைமேல் சொரசொரப்புத் தாள் ஒட்டுவதும் பிள்ளைகள் சாவியைப் பிடித்துத் தாமே செய்யக்கூடியவை.

நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற காலத்தில் மரம் அறுக்கவும் ஈயப்பற்று வைக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். இன்று நான்காம் ஆண்டு முதல் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்றே ஒரு பாடம் இருக்கிறது. அறிவியலில் உராய்வும் கட்டமைப்பின் உறுதியும் வருகின்றன. அட்டையில் பாலம் கட்டி, படம் எடுத்து, கோப்பில் வைத்துவிட்டு நகர்கிறோம். பாடநூல் கேட்பதை இந்தப் பிள்ளைகள் மாலையில் தாமாகவே செய்துகொண்டிருக்கிறார்கள். நாம் அதைத்தான் பறிமுதல் செய்கிறோம்!

ஒரு கணக்கு சொல்கிறேன். ஐந்தாம் ஆண்டு மாணவனுக்கும் புரியும். 40 கிலோ எடையுள்ள பிள்ளை அரை மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறான். காலை விறைத்து வைத்து 5 சென்டிமீட்டருக்குள் நின்றால், வண்டி தாங்க வேண்டிய சராசரிச் சுமை அவன் எடையைப்போல் பதினொரு மடங்கு. அதாவது 440 கிலோ. முழங்காலை மடக்கி 25 சென்டிமீட்டர் தூரத்தில் நின்றால் மூன்று மடங்கு, 120 கிலோ. வண்டியில் எத்தனை போல்ட் போட்டாலும் முழங்காலுக்கு ஈடாகாது. இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் எந்தப் பிள்ளைதான் கேட்கமாட்டான்?

சாலையைப் பற்றி என் நிலைப்பாட்டில் இளக்கமில்லை. கிள்ளான்–பந்திங் சாலையில் லாரிகள் ஓடும் ஓட்டத்தை நாம் அறிவோம். அங்கே எந்த ஸ்கூட்டருக்கும் இடமில்லை. இரவில் அறவே இல்லை. மின்சார ஸ்கூட்டர் போன்ற சிறு வாகனங்களைச் சாலையில் ஓட்ட 2021ஆம் ஆண்டு விதிகள் தடை விதித்துள்ளன என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அப்படியானால் எங்கே ஓட்டுவது? பள்ளிக் கூடைப்பந்துத் திடலைச் சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் திறந்துவிட்டால் என்ன குறைந்துவிடும்? ஓர் ஆசிரியரும் இரண்டு பெற்றோரும் போதும். தலைக்கவசம் இல்லாதவனுக்கு அனுமதி இல்லை என்று எழுதி ஒட்டலாம். வாசலிலேயே வண்டியைப் பரிசோதிக்கலாம்: பின்சக்கரப் பிரேக் இருக்கிறதா, கழுத்தில் விரிசல் உண்டா, போல்ட்டுகள் இறுகியுள்ளனவா.

பெற்றோர்கள் இன்றிரவே பார்க்கக்கூடிய ஒன்றும் உண்டு. உங்கள் பிள்ளையின் ஸ்கூட்டர் கைப்பிடியின் இரு முனைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். இரப்பர் கிழிந்து குழாயின் வாய் வெளியே தெரிகிறதா? விழும்போது அந்த வட்ட விளிம்பு வயிற்றில் குத்தினால் வெளியே சிறு தழும்புதான் தெரியும். உள்ளே ஈரலோ மண்ணீரலோ கிழிந்திருக்கலாம். முனையடைப்பு சில ரிங்கிட்தான். அது கிடைக்கும்வரை வண்டியை எடுத்து வைத்துவிடுங்கள். ஏன் எடுத்து வைக்கிறீர்கள் என்பதைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு.