நீரின் குறிப்பறிதல்

2014ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள். ஐதராபாத்திலிருந்து சுற்றுலா சென்றிருந்த பொறியியல் கல்லூரி மாணவர்கள், இமாசலப் பிரதேசத்தின் மண்டி மாவட்டத்தில் பியாஸ் ஆற்றுக்குள் இறங்கிப் பாறைகளின்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தனர். அப்போது ஆற்றில் நீர் குறைவாகவே ஓடியது. மேலே இருந்த லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் சிறிது நேரத்திற்குள் அவர்களைச் சூழ்ந்துகொண்டது. மாணவர் 24 பேரும், உடன் வந்த சுற்றுலா வழிகாட்டி ஒருவரும் உயிரிழந்தனர்.

இச்செய்தியைக் கேட்பவருள் பலர், "நீச்சல் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார்கள்" என்பர். அக்கருத்து முழுதும் சரியன்று. பாறைகளுக்கிடையே சீறிவரும் அணைநீரில் தேர்ந்த நீச்சல்காரரும் நிலைகுலைவர். நீரைத் திறக்குமுன் உரிய எச்சரிக்கை செய்வது அணையை இயக்குவோரின் கடமை. அதனை மாணவர்மேல் சுமத்துதல் முறையாகாது. ஆயினும், ஆற்றில் கால் வைக்குமுன் "இதற்கு மேலே என்ன இருக்கிறது?" என்று கேட்கும் பழக்கம் ஒவ்வொரு மாணவருக்கும் வேண்டும். நீச்சல் ஒரு பயிற்சி. நீரின் குறிப்பறிதல் வேறொரு கல்வி. முன்னதைக் கற்பிக்கும் பள்ளிகள் பின்னதையும் கற்பித்தல் வேண்டும்.

நகரத்து நீச்சல் குளத்தில் அடித்தளம் தெளிவாகத் தெரியும். ஆழம் சுவரில் எழுதப்பட்டிருக்கும். நீர் ஓடாது. தில்லியிலோ புனேயிலோ அத்தகைய குளத்தில் பழகிய பிள்ளை, கோடை விடுமுறையில் தாத்தாவின் ஊருக்குச் சென்று காவிரியைக் காண்கிறது என்க. மே மாதத்தில் காவிரி பெரும்பாலும் மணற்பரப்பாகவே கிடக்கும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. நீர் இருப்பைப் பொறுத்து அந்நாள் மாறுவதும் உண்டு. அணை திறந்தபின் வரும் புதுநீர், மணல் அள்ளிய குழிகளை மூடி மறைத்துவிடும். முழங்கால் அளவு நீரில் நடப்பவர், அடுத்த அடியிலேயே ஆளுயரப் பள்ளத்தில் விழக்கூடும். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்னும் பழமொழி இத்தகைய பட்டறிவிலிருந்து பிறந்ததே.

ஆறு தன் நிலையைப் பல குறிப்புகளால் உணர்த்துகிறது. தெளிந்திருந்த நீர் திடீரெனக் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினாலும், இரைச்சல் மிகுந்தாலும், மேற்பகுதியில் மழை பெய்துள்ளது அல்லது அணை திறக்கப்பட்டுள்ளது என்று கொள்ளலாம். இங்கே வெயில் அடிப்பதனால் மலையிலும் வெயில் அடிக்கிறது என்று எண்ணுதல் பிழை. நீரின் வேகம் இரு மடங்கானால், அது உடலைத் தள்ளும் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆகவே, விரைந்தோடும் நீர் முழங்கால் அளவே ஆயினும் ஒருவரைச் சாய்த்துவிடும். தடுப்பணையின் கீழே நுரைத்துப் புரளும் நீர் விளையாடுவதற்கு ஏற்றதுபோல் தோன்றும். உண்மையில், அது விழுந்தவரைத் திரும்பத் திரும்ப உள்ளிழுக்கும்.

ஏரிக்கு ஓட்டம் இல்லை. ஆனால் ஆபத்து இல்லை என்று கூறுவதற்கில்லை. கரையோரச் சேறு காலைப் பற்றும், நீர்க்கொடிகள் பின்னும். மேல்நீர் வெதுவெதுப்பாகவும் உள்நீர் மிகக் குளிர்ந்தும் இருக்கலாம். பச்சைப் பாசி படர்ந்து நாற்றம் வீசும் நீர் உடல்நலத்தைக் கெடுக்கும். காற்று வலுத்தால் சிறு படகு எளிதில் தடுமாறும். 2024ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் வடோதராவின் ஹர்ணி ஏரியில், பள்ளிச் சுற்றுலா வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்து 12 மாணவரும் 2 ஆசிரியரும் இறந்தனர். படகில் அளவுக்கு மீறி ஆட்கள் ஏற்றப்பட்டிருந்தனர். எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி வழங்கப்படவில்லை. எனவே, நீரை நோக்குவது போலவே படகையும் நோக்க வேண்டும். ஏறியவர் எத்தனை பேர், அங்கிகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. எண்ணிக்கை ஒவ்வாதபோது, "நான் ஏறமாட்டேன்" என்று சொல்லும் உறுதிதான் தேவை.

ஒகேனக்கல்லில் நீர்வரத்து மிகும்போது பரிசல் இயக்கவும் குளிக்கவும் மாவட்ட நிருவாகம் தடை விதிக்கிறது. ரிஷிகேசத்தில் கங்கையில் நடைபெறும் மிதவைப் படகுப் பயணம் மழைக்காலத்தில் நிறுத்தப்படுகிறது. பெரிய ஆறுகளின் நீர்மட்டத்தை மத்திய நீர் ஆணையம் அளந்து, எச்சரிக்கை மட்டம், அபாய மட்டம் எனப் பகுத்து அறிவிக்கிறது. நெடுந்தூரம் பயணம் செய்து வந்தவர்க்கு இத்தடைகள் ஏமாற்றம் அளிக்கலாம். ஆனால், அவை நீரின் குறிப்பை அளந்தறிந்தோர் கூறும் சொற்கள். அறிவிப்புப் பலகை இல்லாத இடத்தில், அங்குள்ள மீனவரையும் படகோட்டியையும் கேட்டறிதல் நன்று.

"இவ்வளவு இடர் இருக்குமாயின் பிள்ளைகளை நீர்ப்பக்கமே விடாமல் இருக்கலாமே" என்பது பெற்றோர் பலரின் எண்ணம். அவ்வச்சம் அன்பினால் விளைவது. அதனை இகழ்தல் தகாது. எனினும், வீட்டில் தடுக்கப்பட்ட பிள்ளை என்றேனும் ஒருநாள் நண்பர்களோடு ஆற்றங்கரையில் நிற்கத்தான் போகிறது. அப்போது அதனைக் காப்பது பழைய தடை அன்று, கற்ற அறிவே. நண்பர்கள் எல்லாரும் இறங்கும்போது, "இன்று வேண்டாம்" என்று கூறித் திரும்புபவரைக் கோழை என்று நகைப்போர் உண்டு. குதிப்பதற்கு நொடிநேரத் துணிவு போதும். நகைப்பைத் தாங்கித் திரும்புவதற்கு அதனினும் பெரிய துணிவு வேண்டும். நீரில் ஒருவர் தத்தளிக்கும்போதும், உடனே பாயாமல், உரக்கக் கூவி ஆள்சேர்த்துக் கயிற்றையோ கழியையோ நீட்டுவதே அறிவுடைமை. இல்லையேல் ஓருயிர் போகுமிடத்தில் ஈருயிர் போகும்.

துறை, மடு, சுழி, கயம் எனத் தமிழில் நீர்பற்றிய சொற்கள் பலவுண்டு. துறை என்பது பலர் பலகாலம் இறங்கிப் பழகிய இடம். மடு ஆற்றின் ஆழ்ந்த பள்ளம். சுழி, நீர் சுழன்று ஈர்க்கும் இடம். கயம், ஆழமிக்க நீர்நிலை. நீரருகே வாழ்ந்தவர் உற்று நோக்கி உணர்ந்தவற்றையே இச்சொற்களில் சேர்த்து வைத்தனர். கங்கைக்கரையிலோ நருமதைக்கரையிலோ வளரும் தமிழ்ப் பிள்ளைக்கும் இவை பயன்படும். கரையில் ஒரு கணம் நின்று, 'இது துறையா, மடுவா?' என்று தன் தாய்மொழியில் கேட்டுக்கொள்ளும் பிள்ளை, பாதுகாப்பாக வீடு திரும்பும் வழியை அறிந்துகொண்ட பிள்ளையாகும்.